ரயில் கற்றாழை வில்லைகள்

கனமான சாமான் செய்ய யாராலும் முடியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. திண்டுக்கல்லில் ரயில்வே கேட்டை ஒட்டி எனக்கு ஒரு பட்டறை இருந்தது. ஊரில் மற்ற மேஸ்திரிகள் தேக்கையும் வேங்கையையும் அறுத்து, நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும் பீரோக்களைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் மளிகைக் கடைகளில் காலியாகும் தேயிலைப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அந்த மெல்லிய ஒட்டுப்பலகையில் சாமான் செய்தேன். பூட்டுக்காரர்களுக்குப் பெட்டி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அடுக்குத் தட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பு. "காகிதத்துல சாமான் செய்றான்" என்று கேலி செய்தார்கள். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "உங்க பீரோவை நகத்துறதுக்குள்ள ஆயுசே முடிஞ்சிரும்யா" என்று திருப்பிக் கொடுப்பேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, வாய் அதைவிட ஜாஸ்தி. வேலை தெரிந்தவன் என்கிற திமிர் இரண்டையும்விட ஜாஸ்தி.

அந்தத் திமிர் ஒரு வயதான அம்மாளின் ஆசையை எப்படிக் கெடுத்தது, அது கெட்ட பிறகு நான் யாரைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். தோல் ஷாப் வைத்திருந்த பாய் ஒருவர் பட்டறைக்கு வந்தார். எனக்கு நிரந்தரமாக வேலை கொடுத்து வந்தவர் அவர் ஒருவர்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருடைய தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருந்தது ஊருக்கே தெரியும்.

"மேஸ்திரி, அம்மாவுக்கு ஒரு பலகை வேணும். நோன்புப் பிறையை மொட்டை மாடியிலேருந்து தன் கண்ணால பாக்கணும்னு நிக்கிறாங்க. வருசா வருசம் எங்க வீட்டுல அவங்கதான் முதல்ல பாப்பாங்க. போன வருசம் கீழயே கிடந்துட்டாங்க."

"நீங்களும் உங்க தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாப் போதுமே, பாய்."

"அந்த நேரம் நாங்க பள்ளிவாசல்ல இருப்போம். அதோட, அம்மாவுக்கு ஆம்பளைக தூக்குறது பிடிக்கல. நான் பெத்த மகன், எனக்கே ஒடம்பைக் குடுக்கக் கூச்சப்படுறாங்க. மருமகளுக ரெண்டு பேர்தான் தூக்கணும். தேக்குப் பலகையில படுக்க வச்சுத் தூக்கிப் பாத்துச்சுக. ரெண்டு படிகூட ஏற முடியல."

இரண்டு பெண்கள், ஒரு குறுகலான மாடிப்படி, படுத்தபடியே போகவேண்டிய ஓர் அம்மாள். ஊரில் யாரும் செய்ய முடியாத சாமானை என்னிடம் கேட்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. "பிறைக்கு முன்னால பலகை உங்க வீட்டுல இருக்கும்" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெண்கள் இருக்கும் உள்கட்டுக்கு நான் போக முடியாது என்பதால் அளவெடுக்க என் மனைவி போனாள். ஒரு மணி நேரத்தில் வரவேண்டியவள் பொழுது சாயத்தான் வந்தாள். "அம்புட்டு நேரம் என்ன பண்ணுன?" என்று எரிந்து விழுந்தேன். "அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. தாயி, தாயின்னு கூப்பிட்டு, பலகை ஒடியாதுல்ல, ஒடியாதுல்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. ஒடியாதும்மா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். அப்படி ஒரு வாக்கை அவளும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மெல்லிய பலகை ஒன்று தனியாக எதையும் தாங்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டை வைத்து நடுவில் லேசான எதையாவது நிரப்பி ஒட்டினால், மூன்றும் சேர்ந்து தேக்கின் வேலையைச் செய்யும். நடுவில் இருப்பதற்கு ஒரே வேலைதான்: மேல் பலகையும் கீழ்ப் பலகையும் கிட்டே வராதபடி விலக்கிப் பிடிக்கவேண்டும். அது நசுங்கினால் மறுபடியும் எல்லாம் வெறும் தேயிலைப் பெட்டிதான். இது எனக்குத் தெரியும். எதை நிரப்புவது என்பதுதான் தெரியவில்லை. அட்டையை மடித்து வைத்துப் பார்த்தேன், தொய்ந்தது. இலவ மரத்தை இழைத்து வைத்தேன், கனத்தது. கடைசியில் தண்டவாளத்து ஓரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழை ஞாபகத்துக்கு வந்தது. அது ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். காய்ந்த பூத்தண்டு மூன்று ஆள் உயரம் இருந்தாலும் ஒரு கையால் தூக்கிவிடலாம். எங்கள் பக்கத்தில் கிணற்றில் நீந்தப் பழகுகிற பிள்ளைகளின் முதுகில் அதைத்தான் கட்டிவிடுவோம். ஒரு வண்டி நிறையத் தண்டு வெட்டிக்கொண்டு வந்தேன்.

அதை எப்படி வைப்பது என்று கண்டுபிடித்தது என் மனைவி. அதை இப்போதாவது திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துண்டை அடுக்களைத் தரையில் படுக்கப்போட்டுக் குதிகாலால் மிதித்தாள். நசுங்கிப்போனது. அதே தண்டிலிருந்து தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வில்லை அறுத்து, வெட்டுமுகம் மேலே பார்க்க வைத்து மிதித்தாள். ஒன்றும் ஆகவில்லை. என்னையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, அம்மிக்கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் நாலு வில்லையை வைத்தாள். ஒரு வாரம் அதன்மேலேயே மிளகாய் அரைத்தாள், தேங்காய் அரைத்தாள். வில்லைகள் அப்படியே இருந்தன. அடுத்து வில்லையை எடுத்துவிட்டுத் தண்டைப் படுக்கைவாட்டில் வைத்து அரைத்தாள். இரண்டாவது நாள் அம்மி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"மரத்தை நீளவாட்டுல போட்டாத்தான்டி பலம். எங்க தொழில்ல எல்லாம் அப்படித்தான்" என்றேன்.

"தூணை யாரும் படுக்கப் போட்டுக் கூரை வேய மாட்டாக" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் தோல் ஷாப்புக்குப் போய், பாயின் மேஜைமேல் ஒரு தண்டையும் ஒரு வில்லையையும் வைத்து, அவருடைய இரும்பு எடைக்கல்லை ஏற்றிக் காட்டினேன். "இது நம்ம கண்டுபிடிப்பு, பாய்" என்றேன். அவர் வில்லையை விரலால் உருட்டிப் பார்த்து, "மூளைங்கிறது இதுதான் மேஸ்திரி" என்றார். அம்மியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, மத்தியானம் ஒழிந்த நேரமெல்லாம் வில்லை அறுத்தாள். ஆறடிக்கு இரண்டடிப் பலகை. ஓரங்களைச் சதுரமாகச் செதுக்கி நெருக்கி அடுக்கினால் இருநூறு வில்லை வேண்டும். எல்லாம் ஒரே உயரமாக இருக்கவேண்டும். ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் மேல் பலகை ஒட்டாது. தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்ப்பாள். துளி கூடினால் திருகைக் கல்லில் தேய்ப்பாள். குறைந்ததைத் தனியே தள்ளிவிடுவாள். சாக்கு நிறைந்த அன்று ஒவ்வொன்றாகத் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். அவள் விரல் நுனியெல்லாம் கற்றாழைத் தூள் பட்டு அரித்துத் தடித்திருந்தது.

மார்கழி பிறந்தது. பிறைக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது, ஒட்டன்சத்திரத்தில் அவள் தங்கைக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. கிளம்பும்போது சொன்னாள்: "நாலே நாள்தான், வந்துருவேன். நான் வந்ததும் ஒட்டுங்க. ஒருத்தர் பசை தடவ, ஒருத்தர் அடுக்கணும். தனியா ஆரம்பிச்சிராதீக."

சரி என்றேன். இரண்டாம் நாள் பாய் அந்த வழியாகப் போகிறவர், "ஆச்சா மேஸ்திரி?" என்று கேட்டார். "நாளைக்கு முடிஞ்சிரும்" என்று வாயை விட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் அவசரப்படுத்தவில்லை. நாளும் நிறைய இருந்தது. அவள் இல்லாமலே செய்து முடித்து, அவள் வரும்போது பலகையைக் காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. அவ்வளவுதான் காரணம்.

எங்களுக்குப் பசை என்றால் வஜ்ஜிரம். தோல் ஷாப்பில் சீவிப்போடும் ஜவ்வைக் காய்ச்சி உறையவைத்தது. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுடச்சுடத் தடவவேண்டும். ஆறினால் பிடிக்காது. மார்கழிக் காலைக் குளிரில் தனியாக ஆரம்பித்தேன். ஐந்தாவது வரிசை அடுக்குவதற்குள் ஆறாவது வரிசைக்குத் தடவியது நுங்குபோல உறைந்துவிட்டது. வழித்தெடுத்துத் திரும்பத் தடவினேன். இங்கே ஒட்டினால் அங்கே பெயர்ந்தது. அந்த வேலைக்கு இன்னும் இரண்டு கை வேண்டும் என்று அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனாலேயே கோபம் தலைக்கேறி, பலகைமேல் இருந்ததையெல்லாம் புறங்கையால் தள்ளிவிட்டேன்.

மூலையில் தண்டுகள் மீதி கிடந்தன. நீளவாட்டில் பிளந்து, இழைத்து, பலகைமேல் படுக்கப்போட்டேன். ஏழெட்டுத் தண்டில் பலகை நிறைந்துவிட்டது. பசை ஆறுவதற்கு முன்பே மேல் பலகையை வைத்து மூடி, கல்லேற்றிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இனி யார் பார்க்கப் போகிறார்கள்? சுற்றிலும் ஒரு தேக்குத் தப்பையை அடித்தேன். நாலு மணல் மூட்டையை வைத்துப் பார்த்தேன், தாங்கியது. மணல் மூட்டை பரவி உட்காரும், மனுஷ இடுப்பு ஒரே இடத்தில் உட்காரும் என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்தே அதை நினைக்காமல் இருந்தேன்.

அதற்கு முன்னால், தண்டுகளை ஒட்ட வஜ்ஜிரம் சூடாகவேண்டியிருந்தது. அடுப்புக்கு விறகு போதவில்லை. சாக்கில் இருந்த வில்லைகளை அள்ளிப் போட்டேன். குபீரென்று எரிந்தன.

அவள் ஊரிலிருந்து வந்த அன்று பலகை மெருகேறிச் சுவரில் சாய்ந்து நின்றது. கையில் மூட்டையோடு வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"ஒத்தையா ஒட்டிட்டீகளா? வில்லை பத்துச்சா?"

"பத்துச்சு" என்றேன்.

"ஒசரம் எல்லாம் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் பலகையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. மேல் பலகையை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். அதன் கீழே தன் வில்லைகள் வரிசையாக நிற்கின்றன என்று நினைத்துத் தடவினாள். நான் உளியைத் தீட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நோன்புப் பிறையை அந்த அம்மாள் பார்த்தார். மலைக்கோட்டைக்கு மேலே கீற்றுப்போலத் தெரிந்ததாம், எல்லாருக்கும் முன்னால் அவர்தான் கையை நீட்டினாராம். அடுத்த நாள் சாயங்காலம் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்தது. "பலகை செஞ்ச தாயிக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார். நோன்பு முடியும்வரை தினமும் வந்தது. தினமும் அவரை மருமகள்கள் மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்றும், பள்ளிவாசலில் வாங்கு சொல்லும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றும் கஞ்சி கொண்டுவந்த வேலைக்காரம்மா சொன்னாள். நான் அந்தக் கஞ்சியைக் குடித்தேன்.

பாதி நோன்பில் அதே வேலைக்காரம்மா, "இடுப்பு படுற எடத்துல பலகை பள்ளமா இருக்காம். ஒண்ணும் ஆவாதுல்லன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

"புதுப் பலகை பழகுது. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

அவள் போனதும் என் மனைவி கேட்டாள்: "வில்லை வச்சா எப்படிங்க பள்ளம் விழும்? அம்மிக்கே விழலையே."

"நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?" என்று கத்தினேன். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்கே பலகையைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வேலைக்காரம்மா தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

நோன்பின் கடைசியில், பெருநாள் பிறை பார்க்கிற சாயங்காலம் பலகை மடிந்தது. முன்னால் ஒரு மருமகள், பின்னால் ஒரு மருமகள், படியில் பாதி ஏறியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே பள்ளம் விழுந்த இடத்தில் பலகை சத்தமே இல்லாமல் இரண்டாக மடங்கிவிட்டது. அந்த அம்மாள் சறுக்கிப் படிகளில் உருண்டார். மணிக்கட்டு முறிந்தது, தோள்பட்டை பிசகியது. மேலே பக்கத்து மாடிகளில் பிறை தெரிந்துவிட்டதென்று பெண்கள் சத்தம் போடுவது கேட்டதாம். அவர் படிக்கட்டின் அடியில் கிடந்தார்.

பெருநாள் கழித்து மறுநாள் பாய் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன மேஸ்திரி ஆச்சு? எடைக்கல்லு வச்சுக் காட்டுனீங்களே" என்று மட்டும் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன் பாய், தப்பு என்னுடையது என்று சொன்னால் அவர் மன்னித்திருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். ஆனால் தேக்கு மேஸ்திரிகள் ஊரெல்லாம் சிரிப்பார்கள் என்பது கண்முன்னால் வந்தது. தோல் ஷாப் வேலை போய்விடுமோ என்ற பயமும் வந்தது. என் வாயிலிருந்து வந்தது இது:

"உள்ள இருக்கிறது எல்லாம் என் வீட்டுக்காரி வெட்டுன வில்லைங்க, பாய். ஒசரம் ஒண்ணுபோல இல்ல. பொம்பளைக் கை வேலை. நான்தான் பாத்திருக்கணும்."

கடைசி வார்த்தையைப் பெருந்தன்மை மாதிரி சொன்னேன். கண்டுபிடிப்பு என்றபோது அது என்னுடையதாக இருந்தது. ஒடிந்ததும் அவளுடையதாகிவிட்டது. பாய் பெருமூச்சு விட்டு, "பாவம், அது என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒடிந்த பலகையை ஒரு கைவண்டியில் அனுப்பியிருந்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியபோது என் மனைவி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் உளி. மேல் பலகையைப் பெயர்த்திருந்தாள். உள்ளே தண்டுகள் படுத்துக் கிடந்தன, நடுவில் சப்பிப்போட்ட கரும்பு மாதிரி நசுங்கி.

"வில்லையெல்லாம் எங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அடுப்புக்குப் போச்சு" என்றேன்.

அவள் நசுங்கிய தண்டுத்தூளைத் தரையிலிருந்து கூட்டி அள்ளினாள். பாயிடம் நான் அவளைப் பற்றிச் சொன்னது அப்போது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து மறுபடியும் வில்லை அறுக்க ஆரம்பித்தாள். அதே தீப்பெட்டி, அதே திருகைக் கல். பசை ஆறிப்போகிற சங்கடத்துக்கு அவள் கண்ட வழி ரொம்பச் சாதாரணம். பங்குனி வரும்வரை பொறுத்திருந்தாள். உச்சி வெயிலில் இரண்டு பலகையையும் முற்றத்தில் காயப்போட்டாள். தொட முடியாதபடி சூடேறியதும் அங்கேயே உட்கார்ந்து பசை தடவி, நிதானமாக ஒவ்வொன்றாக அடுக்கினாள். பசை கடைசி வில்லை வரை இளகியே இருந்தது. நான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பசையைச் சூடு பண்ணித் தாங்க" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். பண்ணிக் கொடுத்தேன். அந்தப் பலகையில் என் பங்கு அவ்வளவுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவளே அந்த வீட்டுக்குப் போனாள். போகாதே என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பொழுதோடு திரும்பி வந்தாள். பலகை அவள் தலையிலேயே இருந்தது.

இறக்கிச் சுவரில் சாய்த்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: "வேணாம்னுட்டாக. 'உம்மேல கோவம் இல்ல தாயி. ஆனா நீ வெட்டுன வில்லை மேல இன்னொரு தடவை ஏற எனக்குத் தெம்பு இல்ல'ன்னாக."

அவள் குடித்து வைத்த செம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அதுல நான் வெட்டுன வில்லை ஒண்ணுகூட இல்லைன்னு நான் சொல்லல" என்றாள். "எம் புருசன் பொய் சொன்னாருன்னு நான் போயி எப்படிச் சொல்றது? அதை நீங்கதான் சொல்லணும். சொன்னீகன்னா அவுக ஏறுவாக."

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதில் பொய்யில்லை. வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பழசை விடுங்க மேஸ்திரி. பொம்பளை தெரியாம செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? வாங்க, ஷாப்புக்குப் புதுசா தட்டு வேணும்" என்று உள்ளே கூட்டிப்போனார். தட்டுக்கு அளவெடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று டீக் கிளாஸ் காலியாகும்வரை இருந்தேன். பிறகு, "அப்ப வாரேன் பாய்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது என் காதில் பென்சிலும், கையில் தட்டுக்கான அளவுக் காகிதமும் இருந்தன. அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் அடுத்த நோன்புக்கு முன்னால் காலமானார். கடைசிவரை கீழ் அறையிலேயேதான் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த அறையின் ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர் தவிர வேறெதுவும் தெரியாதாம். மய்யித்து எடுக்கிற அன்று நான் போனேன், ஆண்களோடு வெளியே நின்றேன். என் மனைவி கிளம்பித் தயாராக நின்றவள், வாசல்படியில் இறங்கப்போய்த் திரும்பி உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் பலகையை ஒடித்தவள். எந்த முகத்தோடு போவாள்? அந்த வருஷம் நோன்புக் கஞ்சி வரவில்லை.

இப்போது பாயும் இல்லை. சொல்லவேண்டிய ஆள் எல்லாம் போன பிறகு எழுதுகிறேன். இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

பலகையை அவள் வீணாக்கவில்லை. கீழே இரண்டு கால் கொடுத்து அடுக்களையை ஒட்டிப் பெஞ்சாகப் போட்டுவிட்டாள். நான் தினமும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மூன்று பேர் உட்கார்ந்தாலும் அது ஒரு நூல் வளையாது. ஒரு பள்ளம் விழவில்லை, ஒரு சத்தம் வரவில்லை. வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

ஒருநாள் மதுரையிலிருந்து மரக்கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். சாப்பிட உட்காருவதற்காகப் பெஞ்சை நகர்த்தப்போனவர், அது அப்படியே கையோடு எழுந்து வரவும் அசந்துபோனார். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், மேலே உட்கார்ந்து குலுங்கிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி இது? இம்புட்டு லேசா இருக்கு, அசைய மாட்டேங்குதே! உள்ள என்னய்யா வச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சோற்றுப் பானையோடு வெளியே வந்தாள். என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்:

"உள்ள இருக்கிறது எல்லாம் நான் வெட்டுன வில்லைண்ணே. பொம்பளைக் கை வேலை. ஒசரம் ஒண்ணுபோல இருக்கான்னு மட்டும் நல்லாப் பாத்துக்கங்க."

பாயிடம் நான் சொன்ன வார்த்தை ஒன்றுகூட விடாமல் அந்த அம்மாள் வழியாக அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அத்தனை வருஷமும் அதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மரக்கடைக்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் குழம்பு எடுத்துவர உள்ளே போனாள், நான் தலை நிமிராமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.